சோலாருக்கு 160 ஆம்ப் பிரேக்கரா, 250 ஆம்ப் பிரேக்கரா?

கேள்வி: எங்கள் தொழிற்கூடத்தில் 400 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. மெயின் போர்டில் 630 ஆம்ப் பஸ்பார் (எல்லா வழிகளுக்கும் மின்சாரம் பிரியும் செம்புப் பட்டை), 630 ஆம்ப் இன்கமர் (மெயின்) எம்சிசிபி, அதாவது பெரிய வகை பிரேக்கர். பகலில் உச்ச லோடு 420 ஆம்ப்; இரவு ஷிஃப்டிலும் 400-ஐ நெருங்கும். ஏற்கெனவே 30 கிலோவாட் சோலார் ஒரு 63 ஆம்ப் எம்சிபி (சிறிய வகை பிரேக்கர்) வழியாக இதே போர்டில் சேர்கிறது. நல்ல வெயில் நாட்களில் மதியம் அது சில சமயம் டிரிப் ஆகிறது. அதன் ஒரு முனையில் மட்டும் ஒயரின் உறை பழுப்பாகியிருக்கிறது. இப்போது 100 கிலோவாட் இன்வெர்ட்டர் இரண்டு வருகின்றன. இன்கமருக்குப் பக்கத்தில் காலியாக உள்ள இரண்டு வழிகளில் ஒன்றுக்கு 160 ஆம்ப் வீதம் எம்சிசிபி போட்டால் போதும் என்கிறார் சோலார் ஒப்பந்தக்காரர். எங்கள் எலக்ட்ரீஷியன் 250 ஆம்ப் போடச் சொல்கிறார். மெயின் 630 ஆம்ப் இருப்பதால் ஓவர்லோடு பயமில்லை என்று இருவருமே சொல்கிறார்கள். யார் சொல்வது சரி? எர்த் லீக்கேஜுக்கு (தரைக்குக் கசியும் மின்னோட்டத்துக்கு) 300 மில்லிஆம்ப் வைத்தால் போதுமா? டேட்டா ஷீட்டும் கேபிள் விவரமும் இணைத்துள்ளேன்.

பதில்: ஒரு இன்வெர்ட்டருக்கு 200 ஆம்ப். 160 போட்டால் வெயில் நாட்களில் டிரிப் ஆகும். 250 போட்டால் டிரிப் ஆகாது, ஆனால் நீங்கள் எடுத்திருக்கும் கேபிளைக் காக்காது. இது எளிதாகத் தீரும் விஷயம். அவர்கள் இருவரும் எதில் ஒத்துப்போகிறார்களோ, அதில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. சோலார் வந்து சேர்ந்த பிறகு உங்கள் 630 ஆம்ப் மெயின் அந்தப் பஸ்பாரைக் காக்காது. அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் பிரேக்கர்.

ஒப்பந்தக்காரர் போட்ட கணக்கு இப்படித்தான் இருந்திருக்கும்: 1,00,000 ÷ (1.732 × 400) = 144 ஆம்ப்; அதற்கு அடுத்த அளவு 160. கணக்கில் தவறில்லை, எடுத்துக்கொண்ட எண்தான் தவறு. பிரேக்கரை கிலோவாட்டை வைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. டேட்டா ஷீட்டில் 'அதிகபட்ச ஏசி வெளியீட்டு மின்னோட்டம்' என்று ஒரு வரி இருக்கும். நீங்கள் அனுப்பியதில் அது 158.8 ஆம்ப். லைன் வோல்டேஜ் குறையும்போதும், பவர் ஃபேக்டரைச் சரிசெய்ய ரியாக்டிவ் பவர் கொடுக்கும்போதும் இன்வெர்ட்டர் அந்த அளவு வரை போகும். அதைத்தான் அடிப்படையாக எடுக்க வேண்டும்.

இரண்டாவது, இந்த லோடின் குணம். மோட்டார் ஃபீடரில் லோடு ஏறும், இறங்கும். இடையில் பிரேக்கர் ஆறிக்கொள்ளும். சோலார் ஃபீடர் காலை பத்தரை மணிக்கு ஏறினால் மூன்று மணி வரை அசையாமல் உச்சத்திலேயே நிற்கும். அதுவும் நாளின் வெப்பமான நேரத்தில், மூடிய பெட்டிக்குள். அதனால்தான் தொடர் லோடுக்கு 1.25 மடங்கு என்ற கணக்கை வைத்திருக்கிறார்கள்: 158.8 × 1.25 = 198.5. அடுத்த அளவு 200.

வெப்பத்தையும் சேர்த்துச் சரிபாருங்கள். சாதாரண தெர்மல்-மேக்னெட்டிக் எம்சிசிபியின் மேல் எழுதியிருக்கும் ஆம்ப் அளவு பெரும்பாலும் 40 டிகிரி சூழலுக்கானது. போர்டின் உள்ளே 55 டிகிரி ஆகும்போது அது தோராயமாக 90 சதவீதமாகக் குறையும். சரியான எண் அந்தந்த மாடலின் அட்டவணையில் இருக்கும். 160 ஆம்ப் பிரேக்கர் அங்கே 144 ஆம்ப் பிரேக்கராகிவிடுகிறது, ஓடுவதோ 159. 200 ஆம்ப் பிரேக்கர் 180 ஆகக் குறைந்தாலும் தாங்கும்.

250 ஏன் கூடாது? கேபிளைப் பாருங்கள். 150 சதுர மி.மீ. அலுமினியம், அட்டவணையில் 300 ஆம்ப் என்று எழுதியிருக்கிறீர்கள். அது 30 டிகிரி காற்றில், தனியாகப் போகும் கேபிளுக்கு. கூரையில் 50 டிகிரி என்று வைத்தால் எக்ஸ்எல்பிஇ (ஒரு வகை பிளாஸ்டிக் உறை) கேபிளுக்கு 0.82, இரண்டு கேபிளும் ஒட்டிப் போவதற்கு 0.87. 300 × 0.82 × 0.87 = 214 ஆம்ப். 200 ஆம்ப் பிரேக்கர் இதைக் காக்கும். 250 ஆம்ப் காக்காது. 240 ஆம்ப் ஓடினாலும் சும்மா இருக்கும். எலக்ட்ரீஷியன் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு: 250 ஆம்ப் ஃபிரேமில் செட்டிங் மாற்றக்கூடிய எம்சிசிபி வாங்கி, 0.8-இல் வைத்தால் அது 200 ஆம்ப்தான். அப்படிச் செய்யலாம். ஆனால் அந்தத் திருகை சீல் வைத்து, '0.8-க்கு மேல் ஏற்றாதே, கேபிள் 214 ஆம்ப்' என்று கதவின் உட்புறம் எழுதி ஒட்டுங்கள். பிற்பாடு ஒரு நாள் டிரிப் ஆனால் முதலில் வருகிறவர் கை அந்தத் திருகுக்குத்தான் போகும். இன்வெர்ட்டர் மேனுவலில் வெளிப்புற பிரேக்கருக்கு உச்ச அளவு கொடுத்திருந்தால் அதையும் தாண்டக் கூடாது.

இனி அந்த 63 ஆம்ப் எம்சிபி. 30 கிலோவாட் இன்வெர்ட்டரின் உச்சம் 48 ஆம்ப் அளவில் இருக்கும். 63 தாராளமாகத் தெரிகிறது. ஆனால் எம்சிபிக்கு அடிப்படை வெப்பநிலை 30 டிகிரி. 60 டிகிரிக்குள் அது ஏறக்குறைய 53 ஆம்ப் ஆகிறது. இருபுறமும் வேறு எம்சிபிகள் ஒட்டி நின்று அவையும் சுட்டால் இன்னொரு 0.8, மிச்சம் 42. ஓடுவது 48. மதியம் டிரிப் ஆவதில் ஆச்சரியமே இல்லை.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. சூழல் வெப்பம் மட்டும் காரணம் என்றால் மூன்று ஃபேஸும் ஒரே மாதிரி சுடும். ஒரு முனையில் மட்டும் உறை பழுப்பாகியிருக்கிறது என்றால் அங்கே இணைப்பு தளர்ந்திருக்கிறது. திருகு சரியாக இறுகவில்லை, அல்லது லக்குக்கும் (ஒயர் முனையில் பொருத்தும் உலோகக் காது) ஒயருக்கும் அளவு பொருந்தாமல் கிரிம்ப் செய்திருக்கிறார்கள், அல்லது அலுமினிய ஒயரைப் பித்தளை முனையில் நேராகச் செருகியிருக்கிறார்கள். அந்தச் சூடு உள்ளே இருக்கும் பைமெட்டலுக்கும் (சூட்டில் வளைந்து டிரிப் செய்யும் தகடு) ஏறி, இல்லாத ஓவர்லோடைக் காட்டி டிரிப் செய்கிறது. இந்த நிலையில் 80 ஆம்ப் எம்சிபி மாற்றினால் டிரிப் நிற்கும், முனை கருகுவது நிற்காது. எரியும் வரை யாருக்கும் தெரியவும் தெரியாது. கருகிய பகுதி முழுவதையும் வெட்டி எறிந்து, பளபளப்பான உலோகம் தெரியும் இடத்திலிருந்து புது லக் போடுங்கள். அந்த எம்சிபியையும் தூக்கிப் போடுங்கள்; சூடேறிய கவ்விக்குப் பழைய இழுப்பு திரும்பாது. அதற்குப் பதில் 63 ஆம்ப் எம்சிசிபி: 48 × 1.25 = 60, அளவு சரியாகவே இருக்கிறது.

இப்போது பஸ்பார். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

சோலார் எதுவும் இல்லாதபோது உங்கள் பஸ்பாருக்கு ஒரே வாசல்தான்: இன்கமர். உள்ளே வரும் ஒவ்வொரு ஆம்பும் அதைக் கடந்துதான் வரவேண்டும். அதனால் 630-க்கு மேல் லோடு ஏறினால் அது டிரிப் ஆகி பஸ்பாரைக் காப்பாற்றியது. சோலார் சேர்ந்ததும் இரண்டாவது வாசல் திறக்கிறது. இரண்டு புது இன்வெர்ட்டர் 318 ஆம்ப், பழையது 48, மொத்தம் 366. கிரிட்டிலிருந்து (மின்வழங்கும் நிறுவனத்தின் லைன்) 630, சோலாரிலிருந்து 366, ஆக 996 ஆம்ப் வரை அந்தச் செம்புப் பட்டைக்குள் வர முடியும். இன்கமர் தன் வழியாக வரும் 630-ஐ மட்டுமே பார்க்கிறது. சோலார் பிரேக்கர்கள் தங்கள் பங்கை மட்டுமே பார்க்கின்றன. கூட்டுத்தொகையைப் பார்க்க அங்கே யாரும் இல்லை.

இன்று 420 ஆம்ப் லோடுதானே என்று தோன்றும். இன்று ஒன்றும் ஆகாது என்பதும் உண்மைதான். ஆனால் சோலார் வந்ததும் மின்கட்டணம் குறையும். குறைந்ததும் இன்னொரு மெஷின், இன்னொரு கம்ப்ரஸர் என்று சேர்ப்பார்கள். முன்பெல்லாம் அளவு மீறினால் மெயின் விழுந்து எச்சரித்தது. இனி பகலில் 800 ஆம்ப் ஓடினாலும் இன்கமரில் 434 தான் தெரியும். 630 ஆம்ப் பஸ்பார் மூடிய பெட்டிக்குள் 800-ஐச் சுமந்துகொண்டிருக்கும். அதன் தாங்கிகளும் இணைப்பு போல்ட்டுகளும் மெல்ல வெந்துகொண்டிருக்கும்.

எந்த இடத்தில் சேர்க்கிறோம் என்பதும் முக்கியம். இன்கமர் ஒரு முனையில் இருந்து, சோலார் எதிர் முனையில் சேர்ந்தால், இரண்டு மின்னோட்டமும் எதிரெதிராக வந்து நடுவில் எங்கோ சந்தித்து லோடுகளுக்குள் இறங்கிவிடும். பட்டையின் எந்தத் துண்டிலும் கூட்டுத்தொகை ஓடாது. இன்கமருக்குப் பக்கத்திலேயே சேர்த்தால், அதற்கு அடுத்த துண்டு முழுக்கூட்டுத்தொகையையும் சுமக்கும். ஒப்பந்தக்காரர் காட்டிய அந்த இரண்டு காலி வழிகள் இருப்பதிலேயே மோசமான இடம். காலியாக இருக்கிறது, கேபிள் குறைகிறது என்பதற்காக அங்கே சேர்க்க விடாதீர்கள்.

அமெரிக்க மின்விதித் தொகுப்பில் இதற்குப் பழகிய ஒரு கணக்கு உண்டு. சோலார் எதிர் முனையில் இருந்தால், மெயின் அளவும் சோலார் மின்னோட்டத்தின் 1.25 மடங்கும் சேர்ந்து பஸ்பார் அளவில் 120 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் போர்டுக்கு: 630 × 1.2 = 756; மெயின் 630 போக மிச்சம் 126; அதை 1.25-ஆல் வகுத்தால் சோலாருக்கு 100 ஆம்ப். பழைய 30 கிலோவாட் எதிர் முனையில் இருந்தால் அடங்கும். புதியவை அடங்கவே அடங்காது. மெயின் செட்டிங்கைக் குறைத்துப் பார்க்கலாமா என்றால், 366 × 1.25 = 458; 756-இல் அது போக 298 ஆம்ப். இரவு ஷிஃப்டில் சோலார் இல்லாமல் 400 ஆம்ப் ஓடும்போது மெயின் விழுந்துவிடும். பகல் மட்டும் ஓடும் கூடங்களுக்கு இந்த வழி சில சமயம் பொருந்தும், உங்களுக்குப் பொருந்தாது. நீங்கள் இருக்கும் இடத்தின் விதி வேறு எண்ணைச் சொல்லலாம். இயற்பியல் எங்கும் ஒன்றுதான்.

இன்னொரு தொல்லை, போர்டுக்குள் வெப்பம். போர்டு செய்பவர்கள் எல்லா வழிகளும் ஒரே நேரத்தில் முழு லோடில் ஓடாது என்று வைத்துத்தான் வடிவமைக்கிறார்கள். ஐஇசி 61439-2 என்ற சர்வதேசத் தரத்தில், வேறு எண் கொடுக்கப்படாவிட்டால் 6 முதல் 9 வழிகள் உள்ள போர்டில் ஒவ்வொன்றும் தன் அளவில் 0.7 பங்கு சுமக்கும் என்று கொள்கிறார்கள். சோலார் வழிக்கு இந்தச் சலுகை செல்லாது. எல்லா சோலார் பிரேக்கர்களும் ஒரே வெயிலில் ஒரே நேரத்தில் நிறைகின்றன.

எனவே செய்ய வேண்டியது: மூன்று இன்வெர்ட்டர்களையும் ஒரு தனி ஏசி கூட்டுப் போர்டில் சேருங்கள். உள்ளே 200, 200, 63 ஆம்ப் எம்சிசிபிகள்; வெளியே 366 × 1.25 = 458 என்பதால் ஒரு 500 ஆம்ப். பிரேக்கர்களுக்கு இடையே இடைவெளி விட்டு, கதவில் வடிகட்டியோடு காற்றுத்துளை வைக்கச் சொல்லுங்கள். வெயில் நேராகப் படும் சுவரில் அந்தப் பெட்டியை மாட்ட வேண்டாம்.

இந்தக் கூட்டுப் போர்டைப் பழைய மெயின் போர்டில் சேர்க்காமல், அதற்கு முன்னால் சேருங்கள். டிரான்ஸ்ஃபார்மருக்கும் பழைய போர்டுக்கும் நடுவே ஒரு சிறு போர்டு: கிரிட்டிலிருந்து 630 ஆம்ப் இன்கமர், சோலாருக்கு 500, பழைய போர்டுக்குப் போக ஒரு 630. இப்போது பழைய பஸ்பாருக்கு மறுபடி ஒரே வாசல்தான். கிரிட்டானாலும் சோலாரானாலும் 630 ஆம்ப் பிரேக்கர் வழியாகத்தான் உள்ளே போக முடியும். பழைய சோலார் வழியைக் கழற்றுவது தவிர அங்கே ஒரு திருகைக்கூடத் தொட வேண்டியதில்லை.

நடுப் போர்டின் பஸ்பாருக்கு 630 + 500 என்று கூட்டி 1250 ஆம்ப் கேட்பார்கள். அவசியமில்லை. லோடுக்குப் போகும் வழி ஒன்றே ஒன்று, அது 630. கிரிட்டுக்குத் திரும்பிப் போவது 366-ஐத் தாண்டாது. எனவே 800 ஆம்ப் போதும், வெப்பத்துக்கும் இடம் இருக்கும். ஒரே நிபந்தனை: அந்தப் போர்டிலிருந்து வேறு லோடு எதுவும் எடுக்கக் கூடாது. காலி வழியே வைக்காமல் செய்து வாங்குங்கள். இருந்தால் யாராவது ஒரு நாள் அதில் ஏர்கண்டிஷனரை மாட்டிவிடுவார்கள், கணக்கு அன்றோடு உடையும். மின்வழங்கும் நிறுவனத்தின் மீட்டர் எங்கே அமைய வேண்டும் என்பதும் இதில் மாறும். வரைபடத்தை அவர்களிடம் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகே பெட்டி செய்யக் கொடுங்கள்.

பிரேக்கர் வாங்கும்போது ஆம்பை மட்டும் சொன்னால் போதாது, ஷார்ட் ஆகும்போது அது எத்தனை கிலோஆம்பை அறுக்க வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். 400 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மரின் முழு லோடு 577 ஆம்ப். இம்பீடன்ஸ் 4 சதவீதம் என்றால் முனையில் ஷார்ட் ஆகும்போது 577 ÷ 0.04, அதாவது 14.4 கிலோஆம்ப். உங்கள் டிரான்ஸ்ஃபார்மரின் பெயர்ப்பலகையில் இம்பீடன்ஸ் எண்ணைப் பார்த்துக் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள். எல்லா எம்சிசிபியும் 25 கிலோஆம்ப் வகையாக இருக்கட்டும். ஐசிஎஸ் (அறுத்த பிறகும் பிரேக்கர் தொடர்ந்து வேலை செய்யும் அளவு) என்ற எண்ணும் அதில் எவ்வளவு என்று கேளுங்கள். இப்போது இருக்கும் எம்சிபி வழக்கமான 10 கிலோஆம்ப் வகை என்றால், டிரான்ஸ்ஃபார்மருக்கு இவ்வளவு பக்கத்தில் அது இருக்கவே கூடாது.

இதோடு ஒட்டிய ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் மட்டும் பிரேக்கரை வைத்துவிட்டு, போர்டு முனையில் கேபிளை நேராகப் பஸ்பாரில் பூட்டிவிடுகிறார்கள். மின்சாரம் இன்வெர்ட்டரிலிருந்து வருவதால் காவலும் அங்கேதான் என்று நினைப்பு. ஷார்ட் ஆனால் இன்வெர்ட்டரால் தன் அளவைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாகக் கொடுக்க முடியும், உடனே நின்றும்விடும். ஆயிரக்கணக்கான ஆம்ப் பாய்வது கிரிட்டிலிருந்து. 80 மீட்டர் கேபிளில் எங்காவது எலி கடித்தாலோ ஆணி இறங்கினாலோ கேபிளைச் சுடப்போவது கிரிட்தான். ஆகவே பிரேக்கர் போர்டு முனையில் இருக்க வேண்டும். இன்வெர்ட்டர் பக்கம் ஒரு ஐசோலேட்டர் (கையால் துண்டிக்கும் சுவிட்ச்), பூட்டுப் போடும் வசதியோடு. பிரேக்கரில் 'லைன்', 'லோடு' என்று எழுதியிருந்தால் இருபுறமும் ஊட்ட ஏற்றதா என்று கேட்டு வாங்குங்கள். எழுதியிருந்தால் பெரும்பாலும் ஏற்றதல்ல.

எர்த் லீக்கேஜுக்கு 300 மில்லிஆம்ப் பற்றிக் கேட்டீர்கள். 100 கிலோவாட் இன்வெர்ட்டருக்கு அது நிற்காது. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத இன்வெர்ட்டரில் சோலார் தகடுகளுக்கும் அவற்றின் சட்டத்துக்கும் நடுவே இயல்பாகவே ஒரு கசிவு ஓடும். மழையில் தகடு நனைந்தால் கூடும். 30 கேவிஏவுக்கு மேற்பட்ட இன்வெர்ட்டரில் உள்ளேயே இருக்கும் கண்காணிப்புக்குத் தரம் அனுமதிப்பது ஒரு கேவிஏவுக்கு 10 மில்லிஆம்ப், அதாவது ஏறக்குறைய 1 ஆம்ப். வெளியே 300 வைத்தால் மழைக்காலக் காலைகளில் அது விழுந்துகொண்டே இருக்கும். மாற்றக்கூடிய ரிலே வைத்து 1 ஆம்புக்கு மேல், சிறு தாமதத்தோடு வையுங்கள். எந்த வகை ரிலே என்பதை இன்வெர்ட்டர் மேனுவல் சொல்லும். டிசி கசிவைத் தடுக்க முடியாத மாடல் என்றால் டிசி கசிவையும் உணரும் 'பி' வகை வேண்டும்.

ஜெனரேட்டர் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், மின்தடையின்போது சோலார் அதோடு சேர்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். மேலே சொன்னபடி சோலார் சேரும் இடம் சேஞ்ச்ஓவர் சுவிட்சுக்குக் (கிரிட்டா ஜெனரேட்டரா என்று மாற்றும் சுவிட்ச்) கிரிட் பக்கமே இருந்தால் ஜெனரேட்டரோடு அதற்கு உறவில்லை, நல்லது. லோடு பக்கம் சேர்த்தால், ஜெனரேட்டரின் வோல்டேஜைக் கிரிட் என்று நினைத்து இன்வெர்ட்டர் ஓடத் தொடங்கும். லோடு குறைந்த நேரத்தில் மின்சாரம் ஜெனரேட்டருக்குள்ளேயே திரும்பப் பாயும். அதைக் கட்டுப்படுத்தத் தனிக் கண்ட்ரோலரும் ரிவர்ஸ் பவர் ரிலேயும் வேண்டும்.

வேலை முடிந்து இயக்கும் நாளில்: அலுமினிய கேபிளுக்கு பைமெட்டல் (அலுமினியமும் செம்பும் இணைந்த) லக், கிரிம்ப் செய்யும் அச்சு அந்த லக்குக்கு உரியதுதானா என்று பார்த்தல், போல்ட்டுகளை பிரேக்கர் கம்பெனி கொடுத்த நியூட்டன்மீட்டர் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கி ஒவ்வொன்றிலும் பெயிண்ட் கோடு போடுதல். பிறகு மேகமில்லாத ஒரு நாளில், முழு உற்பத்தியில் மூன்று மணி நேரம் ஓடியபின், தெர்மல் கேமராவால் ஒவ்வொரு முனையையும் படம் எடுங்கள். ஒரே பிரேக்கரின் மூன்று ஃபேஸில் ஒன்று மட்டும் மற்ற இரண்டைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி கூடுதலாக இருந்தால் அது தளர்ந்த முனை. அன்று மாலையே சரிசெய்யுங்கள். திறப்பதற்கு முன் கிரிட் பக்க பிரேக்கர், இன்வெர்ட்டர் ஐசோலேட்டர், டிசி சுவிட்ச் மூன்றையும் அணைத்துப் பூட்டி, இன்வெர்ட்டரின் மேல் எழுதியிருக்கும் காத்திருப்பு நேரம் கழிந்தபின், மீட்டரால் இருபுறமும் வோல்டேஜ் இல்லை என்று பார்த்த பிறகே கை வைக்கச் சொல்லுங்கள்.